ஜூரரின் வாய்ப்பூட்டு: தோர்ப் வழக்கு முதல் 2015 சட்டம் வரை

பரபரப்பான குற்ற வழக்கில் தீர்ப்பு வந்த பின் ஜூரர்களில் ஒருவர் பத்திரிகையிடம் வாய் திறந்தால் உடனே விவாதம் கிளம்புகிறது. ஒரு தரப்பு கருத்துரிமையைச் சொல்கிறது. மறுதரப்பு ஜூரி அறையின் இரகசியத்தைச் சொல்கிறது. இங்கிலாந்தின் சட்ட வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், இதில் இரு வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டது புலப்படும். ஜூரர் ஊரறியப் பேசலாமா என்பது முதல் கேள்வி. அறைக்குள் நடந்த முறைகேட்டை அவர் நீதிமன்றத்திடம் சொன்னால் நீதிமன்றம் காதுகொடுக்குமா என்பது இரண்டாவது. முதலாவதற்குத் தகும் பூட்டையே இரண்டாவதற்கும் போட்டதுதான் பிழை என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதன் வேர் 1785-இல் வந்த வெய்ஸ் எதிர் டெலவால் வழக்கில் இருக்கிறது. நாணயம் சுண்டியே தீர்ப்பை முடிவு செய்தோம் என்று ஜூரர்கள் இருவர் பிரமாணப் பத்திரம் தந்தனர். தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு அதை ஏற்கவில்லை. இத்தகைய சாட்சியம் வேறு வழியில் வரவேண்டும், சன்னல் வழியே பார்த்த ஒருவர் சொன்னால் கேட்கலாம் என்றார். எட்டிப் பார்த்தவர் சொல் செல்லும், உள்ளே இருந்தவர் சொல் செல்லாது என்றாகிறது. தீர்ப்புக்கு ஒரு முடிவு வேண்டும், தோற்ற தரப்பு ஜூரர்களைத் துரத்தக் கூடாது என்ற நியாயங்கள் இவ்விதியின் பின்னே உண்டு, அவை வலுவானவையே. ஆனால் இது சாட்சியத்தைப் பற்றிய விதி மட்டுமே. வெளியே பேசிய ஜூரரை அது குற்றவாளியாக்கவில்லை. வாயடக்கம் நெடுங்காலம் மரபாகவே காக்கப்பட்டது.

அந்த மரபை உலுக்கியது தோர்ப் வழக்கு. லிபரல் கட்சியின் முன்னாள் தலைவர் ஜெரமி தோர்ப், நார்மன் ஸ்காட் என்பவரைக் கொலை செய்யச் சதி செய்ததாக லண்டன் ஓல்ட் பெய்லியில் விசாரிக்கப்பட்டு, 1979 ஜூன் 22 அன்று விடுதலையானார். அடுத்த மாதமே நியூ ஸ்டேட்ஸ்மன் இதழ், பெயர் சொல்லாத ஒரு ஜூரரின் பேட்டியை வெளியிட்டது. அரசுத் தலைமை வழக்கறிஞர் தொடுத்த அவமதிப்பு வழக்கு 1980-இல் தோற்றது. வெளிப்படுத்துவது எல்லாமே அவமதிப்பாகிவிடாது, சூழலைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும் என்றது நீதிமன்றம்.

நீதிமன்றம் காட்டிய இந்த நிதானத்தை நாடாளுமன்றம் காட்டவில்லை. 1981-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, கலந்தாய்வில் பேசியது, வாதிட்டது, வாக்களித்தது எதையும் வெளியிடுவதையும் கேட்டறிவதையும் குற்றமாக்கியது. ஜூரிகள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று நேரடியாக ஆராயும் வழியும் அத்துடன் அடைபட்டது. புளூ ஏரோ மோசடி வழக்கின் ஜூரர்களுடைய கருத்துகளை வெளியிட்ட மெயில் ஆன் சண்டே தரப்புக்கு விதித்த 60,000 பவுண்டு அபராதத்தை 1994-இல், அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை உறுதிசெய்தது.

பத்திரிகையைத் தடுத்ததில் குறை காண்பது கடினம். முறைகேட்டைச் சொல்ல முயன்ற ஜூரரின் நிலைதான் சிக்கலானது. ஹோவ் நகரில் 1994-இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில், ஓட்டலில் இரவு தங்கிய ஜூரர்கள் சிலர் ஊஜா பலகை முறையில் இறந்தவரின் ஆவியை விசாரித்தனர். மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. ஆனால் அது நடந்தது ஓட்டலில், ஜூரி அறையில் அல்ல என்பதால்தான் விசாரிக்கவே முடிந்தது. 2004-இல் பிரபுக்கள் சபை தீர்த்த மிர்ஸா வழக்கில், சக ஜூரர்கள் இனவெறுப்போடு முடிவெடுத்ததாக ஒரு ஜூரர் தீர்ப்புக்குப் பின் கடிதம் எழுதினார். 8-ஆம் பிரிவு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று ஒப்புக்கொண்ட பிரபுக்கள் சபை, பழைய சாட்சிய விதியைக் காட்டி அக்கடிதத்தை ஒதுக்கியது. நால்வருக்கு எதிராக ஸ்டெய்ன் பிரபு ஒருவர் மட்டும் மாறுபட்டார். அடுத்த ஆண்டு, குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டவர்களின் தாய்க்குத் தன் ஐயத்தை எழுதிய வேறொரு ஜூரரின் தண்டனையை அதே சபை உறுதிசெய்தது.

அமெரிக்காவில் முதல் கேள்விக்கு மட்டும் விடை தலைகீழ். அங்கே ஜூரர் தொலைக்காட்சியில் பேசலாம். ஆனால் அதையே பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தால் நீதிமன்றம் பொதுவாக ஏற்காது. 2013-இல் ஃபுளோரிடாவில் ஜார்ஜ் ஜிம்மர்மன் விடுதலையானபின் ‘பி37’ என்ற எண்ணால் மட்டும் அறியப்பட்ட ஜூரர் சி.என்.என்.-இல் பேசினார். அறுவர் கொண்ட அந்த ஜூரியின் மற்ற நால்வர், அவர் கருத்து எங்கள் கருத்தல்ல என்று அறிக்கை விட நேர்ந்தது. ஒருவர் பேசினால் எல்லோர் தீர்ப்புக்கும் அவரே குரலாகிவிடும் என்பதற்கு இது சான்று. எனினும் 2017-இல் பெனா-ரோட்ரிகெஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனவெறுப்பே முடிவுக்குக் காரணம் என்று ஜூரர் தெளிவாகச் சொன்னால் அதைக் கேட்டாக வேண்டும் என்று 5-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

ஜூரரும் குடிமகன்தானே, அவர் வாயை ஏன் கட்டவேண்டும் என்று கேட்கலாம். அவர் தன் கருத்தை மட்டும் சொல்வதில்லை. வெளியே போகாது என்று நம்பி அறைக்குள் மற்றவர்கள் பேசியதையும் சேர்த்தே சொல்கிறார். அந்த நம்பிக்கை போனால் அடுத்த ஜூரியில் மனம்விட்டுப் பேச ஆள் இராது. இன்னொரு மறுப்பும் உண்டு: குறையிருந்தால் தீர்ப்புக்கு முன்பே நீதிபதியிடம் சொல்லலாமே. அப்படிச் சொல்லும்படி ஜூரர்களுக்கு அறிவுறுத்தும் முறை மிர்ஸாவுக்குப் பின் வந்தது, நல்லதுதான். ஆனால் பதினொருவர் நடுவே அமர்ந்திருப்பவருக்கு மறுப்பை எழுதிக் கொடுக்கும் துணிவு அப்போதே வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. கதவைத் திறந்தால் தோற்றவரெல்லாம் மேல்முறையீடு செய்வார்கள் என்ற அச்சத்துக்கு, இனவெறுப்புக்கு மட்டும் வழிவிட்ட 2017 தீர்ப்பின் குறுகிய வரம்பே விடை.

இங்கிலாந்து 2015-இல் பாதித் தூரம் வந்தது. 8-ஆம் பிரிவுக்குப் பதிலாக ஜூரிகள் சட்டத்தில் சேர்ந்த புதிய பிரிவுகள், முறைகேட்டைக் காவல் துறையிடமோ நீதிமன்றத்திடமோ தீர்ப்புக்குப் பின்னும் தெரிவிக்கும் ஜூரரைக் குற்றத்திலிருந்து விலக்கின. ஆனால் அவர் சொல்வதைச் சாட்சியமாக ஏற்கத் தடையான 1785-இன் விதி மாறவில்லை. புகார் சொல்ல உரிமை தந்துவிட்டுக் கேட்கும் கடமையை ஏற்காத சட்டம் முழுமையானதல்ல. பத்திரிகைக்கான பூட்டு இருக்கட்டும். இனவெறுப்பு, பாரபட்சம் போன்ற புகார்களிலாவது நீதிமன்றம் ஜூரரின் சொல்லைக் கேட்டே ஆகவேண்டும்.