மாசுபட்டதால் பிழைத்த சிலிக்கான்

தூய்மை உயர்ந்தது, மாசு தாழ்ந்தது என்ற கணக்கு நம்மிடம் ஊறிப்போன ஒன்று. அந்தக் கணக்கு தலைகீழான ஓர் இடம் சிலிக்கானின் வரலாற்றில் இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் அறிவியல் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சில்லுகளில் இருக்கும் சிலிக்கான் படிகம். ஒவ்வொரு அணுவுக்கும் நான்கு கைகள். நான்கும் பக்கத்து அணுக்களைப் பிடித்திருக்கும். சிலிக்கானை வெற்றிடத்தில் ஆவியாக்கிக் கண்ணாடிமேல் படியவைத்தால் இந்த ஒழுங்கு வராது. பல அணுக்களுக்கு ஒரு கை பிடிமானமில்லாமல் தொங்கும். ஓடிவரும் எலக்ட்ரான்கள் அங்கே சிக்கிக்கொள்ளும். படிகத்தில் துளி பாஸ்பரஸ் சேர்த்தால் மின்கடத்தல் மாறும். இதில் சேர்த்தும் பயனில்லை. ஒழுங்கற்ற பொருளில் வேற்று அணு தன்னைச் சுற்றி இடத்தைச் சரிசெய்துகொள்ளும், எலக்ட்ரானை விட்டுத்தராது என்று நெவில் மாட் போன்ற மேதையே வாதிட்டார். சுத்தமான சிலிக்கான்தான், ஆனால் ஒன்றுக்கும் உதவாது!

1960களில் இங்கிலாந்தின் ஹார்லோவில், ஒரு தொலைத்தொடர்பு ஆய்வகத்தில் ஸ்டெர்லிங், சிட்டிக் முதலானோர் வேறு வழியில் போனார்கள். சிலேன் என்பது சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு. காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். அதைக் குறைந்த அழுத்தத்தில் குழாய்க்குள் விட்டு, ரேடியோ அலைவரிசை மின்சாரத்தால் பிளாஸ்மாவாக ஒளிரவைத்தார்கள். வாயு உடைந்து, சூடான தட்டின்மேல் படலமாகப் படிந்தது. 1969இல் சிட்டிக் குழு வெளியிட்ட கட்டுரையில், இந்தப் படலம் ஒளி பட்டதும் நன்றாக மின்சாரம் கடத்தியது. தட்டின் சூட்டை மாற்றினால் குணமும் மாறியது. ஆனால் அந்த ஆய்வகம் இதைப் பெரிதாகத் தொடரவில்லை.

தொடர்ந்தவர்கள் ஸ்காட்லாந்தின் டண்டியில் இருந்த வால்டர் ஸ்பியரும் பீட்டர் லெகோம்பரும். சிலேனோடு கொஞ்சம் பாஸ்பீன் அல்லது டைபோரேன் வாயுவைக் கலந்து, கடத்துதிறனைச் சுமார் ஆயிரம் கோடி மடங்கு வரை மாற்ற முடியும் என்று 1975இல் காட்டினார்கள். முடியாது என்ற பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. ஆய்வகத்தில் கார்ல்சனும் ரான்ஸ்கியும் இதில் சூரிய மின்கலம் செய்தார்கள். திறன் வெறும் 2.4 சதவீதம்தான்.

சரி, என்னதான் நடந்தது? சிலேனிலிருந்து ஹைட்ரஜன் படலத்துக்குள் தங்கிவிட்டது. அது தொங்கிய கைகளைப் பிடித்துக்கொண்டது. ஹார்வர்டில் வில்லியம் பால் குழுவும் சிகாகோவில் ஃப்ரிட்ஷே குழுவும் 1970களில் இதைத் தெளிவாக்கின. நல்ல படலத்தில் சுமார் பத்து அணுக்களுக்கு ஒன்று ஹைட்ரஜன். பேர்தான் சிலிக்கான், உண்மையில் அது ஒரு கலப்பு.

அந்தக் கலப்பின் அளவைத் தீர்மானிப்பவை படியவைக்கும் நிலைமைகள். தோசைக்கல் மாதிரிதான்: மாவு ஒன்றே, கல்லின் சூடு வேறு. தட்டு 250 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் படலம் நன்றாக வரும். சூடு ரொம்பக் குறைந்தால் ஹைட்ரஜன் அளவுக்கு மீறிச் சேர்ந்து படலத்தில் நுண்ணிய குழிகள் விழும். ரொம்பக் கூடினால் ஹைட்ரஜன் வெளியேறி, கைகள் மறுபடி தொங்கும். மின்திறனை ஏற்றினால் படலம் வேகமாக வளரும். ஆனால் குறைகள் கூடும், வாயுவிலேயே தூள் உண்டாகிப் படலத்தில் விழவும் செய்யும்.

காப்பாற்றிய ஹைட்ரஜனிலும் வில்லங்கம் உண்டு. நீண்ட நேரம் வெளிச்சம் பட்டால் படலம் தரம் குறைகிறது, 150 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மீள்கிறது என்று 1977இல் ஸ்டேப்ளரும் ரான்ஸ்கியும் கண்டார்கள். வெயிலில் வேலை செய்யவேண்டிய மின்கலத்துக்கு வெயிலே எதிரி. கூரைகளில் படிக சிலிக்கானே வென்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் கண்ணாடி தாங்கும் சூட்டிலேயே இந்தப் படலம் உருவாகும். 1979இல் டண்டி குழு இதில் டிரான்சிஸ்டர் செய்தது. அதன் வழிவந்தவைதான் எல்சிடி டிவிகளிலும் மடிக்கணினித் திரைகளிலும் ஒவ்வொரு புள்ளியையும் இயக்கின. ஒரு பொருளைப் பற்றிப் பேசும்போது அது என்ன என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எந்தச் சூட்டில், எதன் கூட்டில் பிறந்தது என்றும் கேட்க வேண்டும் என்று இந்த வரலாறு எனக்குச் சொல்கிறது.