எல்5 என்பது அதிர்வெண்ணா, சைகையா? ஓட்டக் கடிகாரங்களில் நாவிக் ஏற்பு குறித்து

விளையாட்டுக் கடிகாரங்களின் விவரக்குறிப்பில், ஆறாவது செயற்கைக்கோள் வழிகாட்டல் அமைப்பாக இந்தியாவின் நாவிக் இடம்பெறத் தொடங்கியது முதல் ஒரு வாதம் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்படுகிறது. நாவிக் தொடக்கத்திலிருந்தே எல்5 பட்டையில் இயங்குகிறது. எல்5 சைகை, கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பும் பல்வழிப் பிழையை அடக்கும். எனவே நாவிக் ஏற்புள்ள கடிகாரம் நெருக்கமான இந்தியத் தெருக்களில் ஓட்டப்பாதையைத் திருத்தமாக வரையும் என்பது அந்த வாதம். முதற்கூற்று உண்மை. இரண்டாவது, ஜி.பி.எஸ். எல்5 குறித்த அளவில் உண்மை. இரண்டையும் இணைத்துப் பெறும் முடிவை ஏற்க முடியவில்லை. பிழை நுழைந்த வாயில் ஓர் ஆவணத்தின் ஒரே ஓர் அட்டவணை வரிதான் என்று கருதுகிறேன்.

அந்த ஆவணம், நாவிக்கின் பொதுச் சேவைக்கான சைகை இடைமுக ஆவணம். இஸ்ரோ அதை 2014 ஜூனில் வெளியிட்டு, 2017 ஆகஸ்டில் 1.1 பதிப்பாகத் திருத்தியது. ஊர்தியலைகளைப் பட்டியலிடும் அட்டவணையில் எல்5-க்கு நேரே மைய அதிர்வெண் 1176.45 மெகாஹெர்ட்ஸ் என்றும், பட்டை அகலம் 24 மெகாஹெர்ட்ஸ், அதாவது 1164.45 முதல் 1188.45 வரை என்றும் உள்ளது. மேற்கண்ட வாதம் இந்த 24-ஐப் பிடித்துக்கொண்டது. ஜி.பி.எஸ். எல்5-இன் மைய அதிர்வெண்ணும் அதுவே, பட்டை அகலமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே இரண்டும் ஒரே தரத்துச் சைகைகள் என்று கொண்டது. ஆனால் பட்டை அகலம் என்பது அலைபரப்பிக்கு ஒதுக்கப்பட்ட இடம். அதற்குள் பொதுச் சேவைச் சைகை எவ்வளவு பரவுகிறது என்பதை அதே ஆவணத்தின் பண்பேற்றப் பகுதிதான் சொல்கிறது. அங்கே பொதுச் சேவைக்கு பி.பி.எஸ்.கே.(1) என்றிருக்கிறது, குறிமுறை நொடிக்கு 10.23 இலட்சம் சிப் வேகத்தில் ஓடுகிறது. இதன் முதன்மை மடல் 2.046 மெகாஹெர்ட்ஸ் அகலமே. அதே பட்டையில் வரையறுக்கப்பட்ட சேவையின் பி.ஓ.சி.(5,2) சைகையும் குடியிருக்கிறது. பலர் பங்குக்கும் சேர்த்து அடைத்த வேலியின் நீளத்தை வைத்து, உள்ளே ஒருவர் உழும் நிலத்தை அளந்துவிட முடியாது.

இந்த வேறுபாட்டின் எடையைக் கணக்குப் போட்டால் காணலாம். நொடிக்கு 10.23 இலட்சம் சிப் என்றால் ஒரு சிப்பின் நீளம் சுமார் 293 மீட்டர். ஜி.பி.எஸ். எல்5, கலிலியோவின் இ5ஏ, பெய்டோவின் பி2ஏ, ஜப்பானிய மிச்சிபிகியின் எல்5 ஆகிய நான்கும் இதைப்போல் பத்து மடங்கு வேகத்தில் ஓடுபவை. அவற்றில் சிப்பின் நீளம் 29.3 மீட்டர். வந்த சைகையை அலைவாங்கி தன் குறிமுறை நகலோடு பொருத்திப் பார்க்கும் வழக்கமான ஒப்புப்பொருத்தத்தில், ஏறத்தாழ ஒன்றரைச் சிப்புக்கு மேல் பிந்திவரும் எதிரொலி அளவீட்டைக் கெடுப்பதில்லை. எதிர்வரிசைக் கட்டடத்தில் பட்டு 60 மீட்டர் சுற்றிவரும் அலையை அந்த நான்கு சைகைகளும் தாமாகவே கழித்துவிடும். நாவிக் எல்5 கழிக்காது. 1176.45 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஐந்து அமைப்புகளுள், ஜி.பி.எஸ்.-இன் பழைய எல்1 சி/ஏ சைகையின் சிப் நீளத்தைத் தாங்கியிருப்பது நாவிக் ஒன்றே. பெயர் ஒன்றாயிருப்பது இந்த உண்மையை மறைத்துவிட்டது.

இங்கே தக்க மறுப்பு ஒன்று உண்டு. ஜி.பி.எஸ். எல்5-ஐ ஏற்கும் கடிகாரத்தின் அலைவாங்கி எப்படியும் அகன்ற பட்டையைத் திறந்தே வைத்திருக்கும். நாவிக்கும் அகலமாகவே அலைபரப்பப்படுவதால், ஒப்புப்பொருத்தத்தின் இடைவெளியைக் குறுக்கிப் பிழையைச் சிறிதாக்கலாம் என்பார்கள். கோட்பாட்டளவில் இதை மறுக்கவில்லை. அப்போதும் நீண்ட எதிரொலிகளுக்குக் கதவு திறந்தே இருக்கும். குறுக்கிய இடைவெளியோ வலுவான சைகையை வேண்டுவது. வீசும் கையில், உடலால் பாதி மறைக்கப்பட்ட சிற்றலைவாங்கியில் அந்த வலு கிடைப்பது அரிது. கைபேசியில் கண்ட நற்பலன்களைக் கடிகாரத்துக்கு ஏற்றிச் சொல்வதும் இதே காரணத்தால் நிற்காது.

நாவிக் செயற்கைக்கோள்கள் நமக்கு உயரத்தில் தெரிகின்றன, ஆகவே தெருவுக்குள்ளும் சைகை இறங்கும் என்பது இன்னொரு வாதம். 83 பாகை கிழக்கு இடத்துப் புவிநிலைச் செயற்கைக்கோள் சென்னையில் சுமார் 74 பாகை ஏற்றக்கோணத்தில் நிற்கும். சைகை இறங்கத்தான் செய்யும். ஆயினும் கிடைமட்ட இடத்தைக் கணிக்க அது தரும் பங்கு அக்கோணத்தின் கொசைன் மதிப்பான 0.27 மட்டுமே. அது பெரிதும் உயரத்தையே திருத்தும். உயரத்துக்குப் பல கடிகாரங்களில் காற்றழுத்தமானி ஏற்கெனவே இருக்கிறது. கிடைமட்டத்துக்கு உதவக்கூடிய 32.5 பாகை கிழக்குச் செயற்கைக்கோள் சென்னையில் சுமார் 34 பாகையில்தான் தெரிகிறது. வடக்கு தெற்காகச் செல்லும் ஒடுங்கிய தெருவில் நான்கு மாடி வரிசை அதை மறைக்கப் போதும். கடிகாரம் அப்போது கேட்பது எதிரொலியை மட்டுமே.

அயனிமண்டலத் திருத்தம் நாவிக்கின் மெய்யான பெருமை. இந்தியப் பரப்புக்கான கட்டத் திருத்தங்களை அது தானே ஒலிபரப்புகிறது. காந்த நடுக்கோடு தென்கோடியை ஒட்டிச் செல்லும் நம் நிலத்தில் இது சிறு உதவியல்ல. எல்5-இல் அயனிமண்டலத் தாமதம் எல்1-ஐவிட 1.79 மடங்கு என்பதால் அது தேவையும்கூட. ஆனால் இந்தப் பிழை மெல்ல மாறுவது. ஓட்டப்பாதை முழுவதையும் ஒரே பக்கமாகச் சில மீட்டர் நகர்த்தும், நீளத்தைக் குலைக்காது. நீளத்தையும் வேகத்தையும் குலைப்பது, பத்தடிக்கு ஒரு முறை மாறும் எதிரொலி. இடத்தின் துல்லியத்தையும் தொலைவின் துல்லியத்தையும் நாவிக்குக்கு ஆதரவான வாதங்கள் ஒன்றாகக் கருதியதை அவற்றின் பெருங்குறையாகவே காண்கிறேன். ஓட்டக்காரர் கடிகாரத்திடம் கேட்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். (சூரியன் மறைந்த பின் நடுக்கோட்டுப் பகுதியில் எழும் அயனிமண்டல மினுக்கம் வேறு கதை, தாழ்ந்த அதிர்வெண்ணையே அது கூடுதலாகத் தாக்குவதால், மாலை ஓட்டத்தில் எல்5-இன் நிலை மேலும் இறங்கக்கூடும்.)

இவற்றால் நாவிக் கடிகாரத்துக்குப் பயனற்றது என்று ஆகாது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட நாவிக் செயற்கைக்கோளான என்.வி.எஸ்.-01 எல்1 பட்டையிலும் சைகை அனுப்புகிறது. சிப் வேகம் அங்கும் அதுவே. ஆயினும் பி.ஓ.சி. வகைப் பண்பேற்றம் ஒப்புப்பொருத்த முகட்டைக் கூராக்குகிறது. எல்லாக் கடிகாரங்களிலும் உள்ள எல்1 அலைவாங்கியே அதற்குப் போதும், மின்கலத்துக்குத் தனிச் சுமையில்லை. விவரக்குறிப்பில் ‘நாவிக்’ என்ற ஒரு சொல் இவ்விரு சைகைகளுள் எதைக் குறிக்கிறது என்று தெரியாதவரை, அச்சொல்லிலிருந்து துல்லியத்தைப் பற்றி எதையும் பெற முடியாது. இருப்பினும் எல்1 சைகையைக் கொண்டு மட்டும் இடம் கணிக்க நான்கு செயற்கைக்கோள்களேனும் வேண்டும். அவ்வரிசையில் இரண்டாவதாக 2025 ஜனவரி 29 அன்று புறப்பட்ட என்.வி.எஸ்.-02 திட்டமிட்ட சுற்றுப்பாதையை எட்டவில்லை.