சாப்பாட்டு அறை அலமாரி: வரலாறும் மரத் தேர்வும்

தமிழர் வீட்டில் சாப்பாட்டுக்கென்று தனி அறை அண்மைக்கால வரவு. கூடத்திலோ அடுப்பங்கரையிலோ தரையில் அமர்ந்து வாழையிலையில் உண்டார்கள். உண்டு முடித்ததும் இலை வெளியே போய்விடும். தட்டுகளையும் கோப்பைகளையும் அடுக்கி வைக்கும் வேலையே இல்லை. பெரிய பாத்திரங்கள் பரணில் இருந்தன. பாலும் தயிரும் உறியில் தொங்கின.

மேசையும் அலமாரியும் கடல்வழி வந்தவை என்பதற்கு அவற்றின் பெயர்களே சான்று. 'மேசா', 'அர்மாரியோ' என்னும் போர்த்துக்கீசியச் சொற்களே தமிழில் அவ்வாறு மருவின. அலமாரியைப் பூட்டும் சாவியும் அம்மொழிச் சொல்தான். அர்மாரியோவின் இலத்தீன் மூலம் ஆயுதத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தின் 'கப்போர்டு' தொடக்கத்தில் கதவே இல்லாத, கோப்பைகள் வைக்கும் பலகை மட்டுமே. உணவறைச் சுவரோரம் நிற்கும் 'சைடுபோர்டு' அங்கு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்றது. ஜார்ஜ் ஹெப்பிள்வைட்டின் பெயரில் 1788இல் வெளிவந்த மரச்சாமான் நூலில் அதன் வரைபடங்கள் உள்ளன.

அந்த வடிவம் இந்தியாவுக்கு வந்தபோது மரம் மாறியது. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானபின் பர்மாத் தேக்கு பெருமளவில் கப்பலேறியது. அங்கே வணிகம் செய்த நகரத்தாரின் செட்டிநாட்டு வீடுகளில் அத்தேக்கை இன்றும் காணலாம். கேரளத்து நிலம்பூரில் 1840களிலேயே தேக்குத் தோட்டம் போடப்பட்டது.

மரம் மட்டுமன்றி அமைப்பும் மாறியது. நம் வெப்பத்தில் மூடிய பெட்டிக்குள் உணவு கெடும். திறந்து வைத்தால் ஈ மொய்க்கும். எனவே கதவில் பலகைக்குப் பதில் கம்பிவலை அடித்தார்கள். எறும்பு ஏறாமலிருக்க நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார்கள். குளிர்பதனப் பெட்டி வரும்வரை மீந்த குழம்பைக் காத்தது இதுதான்.

இன்று மரம் தேர்பவர் முதலில் பார்க்கவேண்டியது வைரம். மரத்தின் உள்ளே வயிரமும் புல்லின் புறத்தே வயிரமும் இருப்பதாகத் தொல்காப்பியம் பகுக்கிறது. (மூங்கிலும் பனையும் அக்கணக்கில் புல்!) தேக்கின் வைரப் பகுதியில் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு, கரையான் எளிதில் அண்டாது, மழைக்காலத்தில் அதிகம் உப்பாது. புறத்தே உள்ள வெள்ளைப் பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. பலா மரமும் நல்லதே. மஞ்சளாக இருப்பது ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறும்.

எங்கள் வீட்டு அலமாரிக்குக் கதவெல்லாம் நல்ல வைரத் தேக்கு. சுவரைப் பார்த்த முதுகுப் பலகையோ வெள்ளை மரம். சாயம் பூசியிருந்ததால் வாங்கும்போது தெரியவில்லை. இரண்டு மழைக்காலம் கழித்து நகர்த்தினால், முதுகு முழுக்கக் கரையான் மண். ஆகவே கடையில் அலமாரியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்; இழுப்பறையை வெளியே எடுத்து அடிப்பலகையைப் பாருங்கள். துடைப்பம் நுழையும் அளவுக்குக் கால் உயரமுள்ளதாக இருந்தால், கரையான் பாதை போடும்போதே கண்ணில் படும்.