இரு நாட்டு உறவும் நமது பிரஜாவுரிமையும்

சரித்திரம் என்றால் அரசர்களின் போரும் வெற்றியுமே என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். எங்கோ ஒரு தலைநகரில் இரு பிரதமர்கள் கைச்சாத்திடும் கடதாசிக்கும், ராகலையில் ஒரு லயத்துக் காம்பராவில் எரியும் அடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களும் உண்டு. சம்பந்தம் உண்டு. அந்தக் கடதாசியால் அணைந்துபோன அடுப்புகள் பல. நம் வீட்டுப் பெரியவர்கள் இதை அறிவார்கள். இளைஞர்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே இம்மலரில் இக்கட்டுரை இடம்பெறுகிறது.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு அசோகச் சக்கரவர்த்தியின் காலத்திலேயே பேசப்படுவது. ஆனால் இரு அரசாங்கங்களும் நம்மைப் பற்றிப் பேசத் தொடங்கியது மிகப் பிற்காலத்திலேதான். கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் நம் முன்னோர் மலையேறி வந்து நெடுங்காலம் சென்ற பின், 1923ஆம் ஆண்டிலே இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு ஒருவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். தோட்டத் தொழிலாளரின் நலனைக் கவனிப்பது அவர் கடமை. அப்பொழுது இரு நாடுகளுமே வெள்ளையர் ஆட்சியில் இருந்தன.

1939ஆம் ஆண்டு இலங்கை அரசாங்கம் தன் இலாகாக்களில் நாட்கூலி பெற்ற இந்தியர்களை வேலையிலிருந்து நீக்க முற்பட்டது. அவ்வாண்டு ஜூலை மாதம் பண்டித நேரு கொழும்புக்கு வந்தார். இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்ததும் அப்பொழுதே. ஆகஸ்டு முதலாம் தேதியிலிருந்து தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது. 1940இல் டில்லியில் நடந்த பேச்சுவார்த்தை முறிந்தது. 1941இல் கொழும்பில் தயாரான கூட்டறிக்கையும் அமுலுக்கு வரவில்லை.

பின்னர் இரு நாடுகளும் சுதந்திரம் பெற்றன. 1947 டிசம்பரில் நேருவும் டி. எஸ். சேனநாயக்காவும் டில்லியில் சந்தித்தனர். பல ஆண்டுகள் இங்கே வாழ்ந்து வேரூன்றியவர்கள் இலங்கையின் மக்களே என்பது நேருவின் கட்சி. யாரைத் தன் பிரஜையாக ஏற்பது என்பதை இலங்கையே தீர்மானிக்கும் என்பது சேனநாயக்காவின் கட்சி. இருவரும் உடன்படவில்லை. இலங்கை தன் வழியே சென்றது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனோ, தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. பிறப்பைப் பதிந்து வைக்கும் பழக்கமே இல்லாத காலத்து மக்களிடம் பாட்டனின் பிறப்புக்கு எங்கே அத்தாட்சி இருக்கும்? 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் செய்யப்பட்டது. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கே. அதே ஆண்டில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு வாக்குரிமையும் போயிற்று. 1947இல் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. நுவரெலியாத் தொகுதியில் வென்றவர் தொண்டமான். 1952 தேர்தலிலோ அதன் சார்பில் ஒருவரும் இல்லை. பேசுவதற்கு நமக்கு இருந்த வாய் இவ்வாறு அடைக்கப்பட்டது. அடுத்து நடந்ததை விளங்கிக்கொள்ள இதை மனத்தில் இருத்த வேண்டும்.

1953இல் லண்டனில் நேருவும் டட்லி சேனநாயக்காவும் பேசினர். 1954 ஜனவரியில் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் ஒப்பந்தம் செய்தனர். ஆயினும் முடிச்சு அவிழவில்லை. இலங்கை ஏற்காதவர்களெல்லாம் தானாகவே இந்தியப் பிரஜைகள் ஆகிவிடமாட்டார்கள் என்பதில் நேரு உறுதியாக நின்றார். 1964 மே 27ஆம் தேதி அவர் காலமானார். சீன யுத்தத்தில் அடிபட்டிருந்த இந்தியாவுக்கு அயல்நாடுகளின் நட்பு அவசியமாயிருந்தது. ஐந்தே மாதங்களில், 1964 அக்டோபர் 30ஆம் தேதி டில்லியில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று.

அதன் கணக்கைப் பாருங்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. எல்லாம் பதினைந்து ஆண்டுகளில் முடிய வேண்டும். அத்தொகையினருக்கு இனிப் பிறக்கும் குழந்தைகளும் அவ்வாறே பங்கிடப்பட்டனர். தொட்டிலுக்கு வராத பிள்ளைக்கும் நாடு குறிக்கப்பட்டுவிட்டது! ஆனால் பங்கிடப்பட்ட மக்களின் சார்பில் அந்த மேசையில் யாரும் அமர்ந்திருக்கவில்லை.

உலகில் இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. 1923 ஜனவரியில் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ள உடன்படிக்கை செய்தன. போரின்போதே ஓடிவந்தவர்களையும் சேர்த்துச் சுமார் 12 இலட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், சுமார் 4 இலட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கும் போய்ச் சேர்ந்தனர். கிரேக்கத்துக்குப் போனவர்களில் துருக்கி மொழி மட்டுமே பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். துருக்கிக்கு அனுப்பப்பட்ட கிரீட் தீவு முஸ்லிம்கள் பேசியதோ கிரேக்க மொழி. பார்த்திராத ஊரைத் தாயகம் என்று சொல்லி அவர்களை அனுப்பினார்கள். 1930இல் இரு அரசுகளும் அங்காராவில் நட்புடன்படிக்கை செய்துகொண்டன. அரசுகளுக்குள் பகை தீர்ந்தது உண்மை. இழந்த வீட்டுக்குத் திரும்பியவர் யார்?

நமது மக்களின் விருப்பம் என்ன என்பதை அவர்கள் நிரப்பிய விண்ணப்பங்களே காட்டின. ஒப்பந்தம் ஒதுக்கிய மூன்று இலட்சத்தைவிட மிக அதிகமானோர் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டனர். இந்தியா செல்ல விரும்பியவர்களோ ஒதுக்கிய தொகைக்குக் குறைந்தே இருந்தனர். இருந்தும் கணக்கு கணக்காகவே நின்றது. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பதிவு என்று குடும்பங்கள் பிரிந்தன. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு நம் மக்கள் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. அங்கிருந்து கப்பலேறி இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்தில் தமிழ்நாடு அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் சிலருக்கு மறுபடியும் கொழுந்துக் கூடையே கிடைத்தது. பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

மிஞ்சிய 1,50,000 பேரை 1974 ஜனவரியில் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். 1977இல் தொண்டமான் மீண்டும் தேர்தலில் வென்று பாராளுமன்றம் சென்றார். அதன் பிறகே காற்றுத் திசை மாறியது. 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்களும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் இங்கே எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கின. 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்தவரும் அவர்தம் சந்ததியாரும் அதற்கு உரியவர் என்கிறது அச்சட்டம். நம்மைப் பிரித்த அதே தேதி, முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் உரிமைக்கு அளவுகோலாக வந்தது!

இதைச் சொல்வது பழைய புண்ணைக் கிளறுவதற்கு அன்று. அயல்நாடுகள் இரண்டும் நட்பாயிருப்பது நமக்கும் நன்மையே. ஆனால் அந்த நட்பின் விலையை ஒரு முறை நாம் செலுத்தியிருக்கிறோம். வாக்கில்லாத மக்களை எண்ணிக்கையாக மாற்றுவது எவருக்கும் எளிது. வாக்குள்ள மக்களை அப்படிச் செய்ய அஞ்சுவார்கள். 1949க்கும் 1964க்கும் இடையில் உள்ள பாடம் இதுதான்.

ஆகையால் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியின் அடியில் பழைய பிரஜாவுரிமைப் பத்திரமோ, மங்கிய விண்ணப்பப் பிரதியோ, அக்கரையிலிருந்து வந்த கடிதமோ கிடக்கலாம். அதை எடுத்துப் பாட்டியிடம் கொடுத்து, அதன் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். கோச்சியேறிப் போனவர்களின் பெயர்களையும் அதில் சேருங்கள். உங்கள் பெயரை வாக்காளர் இடாப்பில் பதியத் தவறாதீர்கள். நம் பாட்டன்மார் பதினைந்து ஆண்டுகள் படியேறி இறங்கியும் பலருக்குக் கிடைக்காத உரிமை அது.