பழைய மாணவரும் பள்ளியின் கடனும்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விழைவோர் கல்வெட்டைத் தேடிச் செல்வர். ஆசிரியத் தொழிலில் உள்ள நாமோ பள்ளி அலமாரியிலுள்ள சேர்க்கைப் பதிவேட்டையே முதலில் புரட்டுவோம். தந்தையின் தொழில் என்னும் பத்தியில் 'கூலி', 'கூலி' என்று பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கும். அப்பிள்ளைகள் பின்னர் என்ன ஆயினர் என்று எழுத அதில் இடமில்லை. மாற்றுச் சான்றிதழ் கையில் கொடுக்கப்பட்ட அன்றே பள்ளிக்கும் மாணவனுக்கும் உள்ள தொடர்பு அற்றுவிடுகிறது. எழுதப்படாத அந்தப் பத்தியைப் பற்றியே இவ்வெள்ளிவிழா மலரில் சில கூற விரும்புகிறோம்.

பள்ளிக்குள் நுழைவதே நம் மக்களுக்குப் பெரும்பாடாக இருந்த காலம் ஒன்றுண்டு. 1894-இல் கர்னல் ஆல்காட் சென்னையில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். 1920-களில் சென்னை மாகாண அரசின் தொழிலாளர் துறை பள்ளிகளையும் விடுதிகளையும் திறந்தது. இவை யாவும் கதவைத் திறந்த வரலாறு. திறந்த கதவுக்கு அப்பால் எத்திசையில் நடப்பது என்று காட்டிய வரலாறு வேறொன்று. அது பெரிதும் பேசப்படுவதில்லை.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் இதற்குச் சான்று உண்டு. 1907-இல் அவர் மெட்ரிக்குலேசன் தேறியபோது பம்பாயில் ஒரு பாராட்டுக் கூட்டம் நடைபெற்றது. அதில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். கேளுஸ்கர் அம்பேத்கர் படித்த பள்ளியின் ஆசிரியர் அல்லர். பூங்காவில் தனித்திருந்து படிக்கும் சிறுவனைக் கண்டு பழகியவர். கல்லூரிச் செலவுக்குத் தந்தையிடம் பணமில்லை என்றறிந்ததும், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் பரிந்துரைத்து, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கச் செய்தவரும் அவரே. அந்தத் தொடர்பே 1913-இல் அம்பேத்கரை அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு சேர்த்தது. அறிவு அம்பேத்கருடையது; உழைப்பும் அவருடையதே. ஆயினும், எந்தக் கதவை எப்போது தட்ட வேண்டும் என்றறிந்த ஒருவர் அருகிலிருந்தார் என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது.

பிற வகுப்பாருக்கு இவ்வுதவி வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்து வந்தது. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்குச் சித்தப்பா சொல்வார். கணக்கர் வீட்டுப் பிள்ளைக்கு மாமா சொல்வார். சேகோ ஆலையிலும் விசைத்தறிக் கூடத்திலும் செங்கற்சூளையிலும் உழைக்கும் நம் பெற்றோர்க்குச் சொல்லத் தெரிந்தது, "நன்றாகப் படி" என்பது மட்டுமே. ஆதலின் நமக்குச் சித்தப்பாவும் மாமாவுமாக நிற்க வேண்டியவர் நம் பள்ளியின் பழைய மாணவரேயாவர்.

இம்முயற்சி தமிழகத்திற்குப் புதிதன்று. காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடைபெற்றன. மக்கள் மனமுவந்து பலகையும் மேசையும் கட்டடமும் வழங்கினர். 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' திட்டமும் அவ்வழிப்பட்டதே. 2024-இல் மறுசீரமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்க்கும் இடம் தரப்பட்டது. யாவும் போற்றத்தக்கன. எனினும் பழைய மாணவர் என்றதும் மின்விசிறியையும் குடிநீர்த் தொட்டியையும் மட்டுமே எதிர்பார்க்கும் வழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. மின்விசிறியைப் பணமுள்ள எவரும் கொடுக்கலாம். கலந்தாய்வு நாளன்று எந்தச் சான்றிதழை எடுத்துச் செல்வது என்பதைச் சென்று வந்தவனே சொல்ல முடியும்.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இயங்கி வருகிறது. கோழிப்பண்ணையில் தீவனம் கொட்டும் தொழிலாளியின் மகள் அக்கல்லூரியின் வாயிலைக் கடந்து அன்றாடம் பள்ளிக்குச் செல்கிறாள் என்று கொள்வோம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தோர்க்கு 2020-இல் மருத்துவத்திலும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளிலும் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 2009-இல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகையோ 1944 முதலே உள்ளது. 2022-இல் 'நான் முதல்வன்' திட்டமும் வந்தது. இத்தனை இருந்தும், பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பாடம் எடுக்காத காரணத்தால் அவளுக்கு அவ்வாயில் அடைபட்டுவிடும். அதனை அவள் பத்தாம் வகுப்பு முடிக்கும்போதே எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

சொல்லக்கூடியவர் எங்கே? 1956 மார்ச் மாதம் ஆக்ராவில் பேசிய அண்ணல், படித்தவர்கள் தம்மை ஏமாற்றிவிட்டனர் என்று மனம் நொந்து கூறினார். பதவி பெற்றோர் சேரிப்பக்கம் திரும்புவதில்லை என்னும் குறை நம் ஊர்களிலும் ஒலிப்பதுண்டு. அவர்களை மட்டும் பழிப்பது முறையன்று. நகரில் வாடகை வீடு கேட்போரிடம் சாதியை விசாரிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தம் ஊர்ப்பெயரைச் சொல்லவே தயங்கும் நிலையில் பலர் வாழ்கின்றனர். அத்தகையோரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதால் பயனில்லை. மேடை வேண்டாம், மாலை வேண்டாம். மாதம் ஒருமுறை ஒரு மாணவனோடு தொலைபேசியில் பேசினால் போதும் என்று கேட்டால், மறுப்போர் சிலராகவே இருப்பர் என்பது நம் நம்பிக்கை.

பெயர்களைத் திரட்டும் பணியை நம் கழகத்து இளைஞர்கள் ஏற்க வேண்டும். தலைமையாசிரியரின் இசைவோடு பதிவேட்டைப் பார்த்து, ஆண்டுவாரியாகப் பெயரெழுதி, வீடுவீடாகச் சென்று விசாரித்தல் வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படித்தோர் ஒருவரையொருவர் நன்கறிவர். அவர்களிடமிருந்து தொடங்குவது எளிது. மணமாகி வேற்றூர் சென்ற பெண்கள் பட்டியலில் விடுபட்டுப் போவர். அவர்களை அவர்தம் தாயார் வாயிலாகவே கண்டறிய இயலும். அதிகாரிகளை மட்டும் சேர்த்தால் அது பட்டியலாகாது. திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியில் வடமாநிலம் சென்றவனும், செவிலியராகப் பணிபுரிபவளும், தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்று பட்டறை வைத்தவனும், இடையில் படிப்பை விட்டவனும் அதில் இடம்பெற வேண்டும். ஏன் விட்டோம் என்று இடைநின்றவன் சொல்வதை எட்டாம் வகுப்பு மாணவன் கவனத்தோடு கேட்பான். நாம் சொன்னால் கேட்கமாட்டான்.

பதிவேட்டின் அருகே ஒரு தனி நோட்டுப் புத்தகம் வைத்து, பெயர், படித்த ஆண்டு, இப்போதைய தொழில், பேசக்கூடிய நேரம் என நான்கு பத்திகள் இட்டால் போதும். அடுத்த பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவருமுன் இருபது பெயர்களேனும் அதில் ஏறியிருத்தல் வேண்டும்.