காஸ் முடிவதில்லை, கசிகிறது: கொழும்பு வாகனங்களின் வெப்ப, தட்ப வரலாறு

கொழும்பில் வாகனம் வைத்திருக்கும் எவரும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டு. "ஏ.சி.யில் காஸ் முடிந்துவிட்டது, அடிக்க வேண்டும்" என்பதே அது. வெள்ளவத்தையில் காலி வீதி நெரிசலில் அகப்பட்டு வியர்த்துக் கொட்டும் போதும், கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களில் ஊர்ந்து செல்லும் போதும் இவ்வாக்கியம் பிறக்கிறது. கராஜுக்குச் சென்றால் அங்கும் காஸ் அடித்துக் கொடுக்கிறார்கள். சில மாதங்களில் மீண்டும் அதே வாக்கியம்.

பெற்றோல் எரிந்து தீரும். ஆனால் குளிரூட்டும் வாயு எரிவதுமில்லை, செலவாவதுமில்லை. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுழல்வது மாத்திரமே அதன் பணி. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒரு துவாரத்தின் வழியே வெளியேறியிருக்கிறது என்பதே பொருள். இச்சிறிய உண்மையை எமது நகரம் ஏன் இன்னமும் உள்வாங்கிக்கொள்ளவில்லை என்று ஆராயப் புகுந்தால், வாகனங்கள் எமக்கு வந்து சேர்ந்த வரலாற்றையே புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் இங்கு ஓடியவை பெரும்பாலும் பிரித்தானியக் கார்கள். கொழும்புக்கு மொரிஸ் மைனர் என்றால், யாழ்ப்பாணத்துக்கு ஒஸ்டின் ஏ-40. 1948ஆம் ஆண்டு அறிமுகமான மொரிஸ் மைனரின் ஆரம்ப இயந்திரங்களில் தண்ணீர்ப் பம்பு கூடக் கிடையாது. சூடான நீர் தானாகவே மேலெழுந்து ரேடியேட்டருக்குள் செல்லும். அங்கே குளிர்ந்து, பாரமாகி, கீழிறங்கி மீண்டும் இயந்திரத்தை அடையும். பின்னர் பம்பு பொருத்தப்பட்ட போதுதான், காரின் உட்புறத்துக்கான வெப்பமூட்டியை விரும்பியோருக்கு வழங்கத் தயாரிப்பாளரால் முடிந்தது. வாகன வெப்பமூட்டி என்பது இயந்திரத்தின் கழிவு வெப்பத்தைக் கடன் வாங்கும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். நீரை அதனூடாகத் தள்ளிவிடப் பம்பு வேண்டும்.

இங்கிலாந்தின் பனிக்காலத்துக்கு வெப்பமூட்டி அவசியம். கொழும்பில் அதை யார் நாடுவார்? இங்கு தேவைப்பட்டது குளிர்ச்சி. அதற்காக ஏ.சி. பொருத்திய காரை அன்று எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டால் கடற்காற்று வரும். வெள்ளவத்தைக்காரருக்கு அது போதுமாயிருந்தது.

அக்காலத்திலேயே அமெரிக்காவில் காருக்குள் குளிரூட்டும் முயற்சி தொடங்கியிருந்தது. தோமஸ் மிட்ஜ்லியும் அவரது சகாக்களும் 1920களின் இறுதியில் உருவாக்கிய, நச்சுத்தன்மையற்றதும் தீப்பற்றாததுமான ஆர்-12 என்ற வாயு, குளிர்சாதனப் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்தது. 1939இல் பெக்கார்ட் நிறுவனம் அதே தத்துவத்தில் இயங்கும் குளிரூட்டியைக் காருக்குள் அறிமுகப்படுத்தியது. பின்புறப் பெட்டியில் பயணப்பொதிகளுக்கான இடத்தை அந்த இயந்திரம் பிடித்துக்கொண்டது. குளிர் போதுமென்றால் காரை நிறுத்தி, பொனட்டைத் திறந்து, கொம்பிரசரின் பட்டியைக் கையால் கழற்ற வேண்டும்! வெப்பமூட்டியையும் குளிரூட்டியையும் ஒரே தொகுதியாக இணைத்து நடைமுறைக்கேற்றதாக்கிய பெருமை 1954இல் நாஷ் நிறுவனத்தைச் சாரும். இன்று எமது கார்களில் உள்ள அமைப்பு அதன் வழிவந்ததே.

இலங்கையில் 1970 முதல் 1977 வரையான காலம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் காலம். புதிய வாகனம் அரிது. உதிரிப்பாகம் அதனிலும் அரிது. இருப்பதைக் கொண்டு இல்லாததைச் செய்யும் கைத்திறன் அக்காலத்தில் உரம் பெற்றது. உடைந்த பாகத்தைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து எடுத்தார்கள். பொத்துப்போன ரேடியேட்டரை ஈயப்பற்று வைத்து மீட்டார்கள். சிங்களத்திலும் தமிழிலும் ஒருங்கே வழங்கும் 'பாஸ்' என்ற சொல்லால் நாம் அழைக்கும் அத்தொழிலாளர்கள்தான் நாட்டின் சக்கரங்களை உருளச் செய்தார்கள். 'பாஸ்' என்பது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். தலைவன், எசமானன் என்பது அதன் பொருள்.

1977இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பின்னர் யப்பானிய வாகனங்கள் பெருகின. 'ரீகண்டிஷன்' என்ற சொல் தமிழாகவே ஆகிவிட்டது. பத்திரிகைகளின் சிறு விளம்பரப் பகுதிகளைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு இம்மாற்றம் நன்கு தெரியும். ஏ.சி., பவர் ஸ்டியரிங், பவர் ஷட்டர் என்ற மூன்றும் அந்தஸ்தின் அடையாளங்களாக அங்கே அணிவகுத்தன. பின்னிருக்கைகளுக்கும் தனியே குளிர் தரும் 'டுவல் ஏ.சி.' கொண்ட ஹயஸ் வான்கள், குறிப்பாக எம்மவர் 'டொல்பின்' என்று பெயர் சூட்டிய வகை, கல்யாண வீட்டுக்கும் கோயிற் பயணத்துக்கும் விமான நிலையத்துக்கும் இன்றியமையாதன ஆயின.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் வாகனங்களும் எரியூட்டப்பட்டன. கைத்தொழில் கற்ற பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். பின்னர் போர் வடக்கை வதைத்த ஆண்டுகளில் எரிபொருள் தடையின் கீழ் யாழ்ப்பாணத்து ஏ-40கள், சில துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. கொழும்பிலோ இரவுச் சோதனைச் சாவடிகளில் ஷட்டரை இறக்கி, உள்விளக்கைப் போட்டு நிற்க வேண்டியிருந்தது. மூடிய கண்ணாடிக்குள் குளிரோடு செல்லும் சுகம் வசதி உள்ளோருக்கும் முழுமையாக வாய்க்காத காலம் அது.

யப்பானிலிருந்து வந்த வாகனங்கள் பனிக்காலமும் கோடையும் உள்ள நாட்டுக்காக ஆக்கப்பட்டவை. அவற்றை எமது பாஸ்மார் கொழும்புக்கேற்பத் திருத்தி எழுதினார்கள். வெப்பமூட்டி ஒழுகினால் அதனை மாற்றுவதற்கு டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். ஆகவே அதற்குச் செல்லும் இரு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டார்கள். சிக்கனமான, புத்திசாலித்தனமான தீர்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே வாகனம் ஏப்ரல் விடுமுறையில் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குச் செல்லும் போது, இரவின் குளிரிலும் மூடுபனியிலும் முன்கண்ணாடியில் படியும் ஆவியை அகற்ற வெப்பமில்லாமல் சாரதி துணியால் துடைத்துத் துடைத்து ஓட்ட நேர்கிறது. வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் இது சிறிய விடயமன்று.

இரண்டாவது திருத்தம் இதனிலும் பாரதூரமானது. "இது சூடான நாடு, தேர்மோஸ்டாட் எதற்கு?" என்று கூறி அதைக் கழற்றி எறிந்தார்கள். இயந்திரம் சுமார் 80 பாகை செல்சியசைத் தாண்டியதும் திறந்து, நீரை ரேடியேட்டருக்கு விடும் கதவு அது. கதவே இல்லாவிட்டால் நீர் தாராளமாக ஓடும், இயந்திரம் குளிர்ச்சியாக இருக்கும் என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் பல யப்பானிய இயந்திரங்களில் தேர்மோஸ்டாட்டுக்கு இன்னொரு கடமையும் உண்டு. ரேடியேட்டரின் பாதையைத் திறக்கும் போதே, ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் குறுக்குப் பாதையை அது அடைத்துவிடும். அதைக் கழற்றிவிட்டால் குறுக்குப் பாதை என்றும் திறந்தே கிடக்கும். சூடான நீரின் ஒரு பகுதி குளிராமலேயே திரும்பி வரும். இயந்திரம் சூடாகாதிருக்கச் செய்த வைத்தியமே அதனைச் சூடாக்கிவிடுகிறது. மறுபுறம், குளிர்ந்த மலைப்பாதையில் இயந்திரம் உரிய வெப்பத்தை அடையாமல் எரிபொருளை அதிகமாகக் குடிக்கிறது.

கடுங்குளிரில் நீர் உறையாமல் காப்பது மட்டுமே கூலன்டின் வேலை என்று எண்ணிக் குழாய் நீரை ஊற்றுவதும் இவ்வரிசையில் வருவதே. கூலன்ட் துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. கூடவே, ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தால் உள்ளே நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. சூடான வேளையில் மூடியைத் திறந்தவர்கள் முகம் வெந்தது இதனாற்றான்.

இனிக் காஸுக்கு வருவோம். 1974இல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள், ஆர்-12 போன்ற வாயுக்கள் மேல்வளிமண்டலத்துக்குச் சென்று ஓசோன் படலத்தை அழிக்கக்கூடும் என்று எச்சரித்தார்கள். 1985இல் அந்தாட்டிக்காவின் மேலே ஓசோன் துவாரம் இருப்பது அறிவிக்கப்பட்டது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. 1989 டிசம்பரில் இலங்கை அதில் இணைந்தது. 1990களின் முற்பகுதியிலிருந்து புதிய கார்கள் ஆர்-134ஏ என்ற வாயுவுக்கு மாறின. வளர்ந்துவரும் நாடுகளுக்கு 2010 ஜனவரி முதலாம் திகதி ஆர்-12 உள்ளிட்ட வாயுக்களின் இறுதிக் கெடுவாக அமைந்தது.

கொழும்பின் கராஜுகளுக்கு இது வெறும் சிலிண்டர் மாற்றமல்ல. ஆர்-12 உடன் கலந்து ஓடிய கனிம எண்ணெய் ஆர்-134ஏ உடன் கலப்பதில்லை. எண்ணெயையும் ஈரம் உறிஞ்சும் ட்ரையரையும் இறப்பர் வளையங்களையும் மாற்றாது புதிய வாயுவை மட்டும் அடித்த வாகனங்களில், எண்ணெய் கிடைக்காமல் கொம்பிரசர்கள் இறுகிப்போயின. பஞ்சிகாவத்தையில் பழைய கொம்பிரசர் தேடி அலைந்தவர்களுள், வாயு தீர்ந்துவிட்டது என்ற நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். கசிவோடு எண்ணெயும் வெளியேறுகிறது. துவாரம் பெரிதானால் காற்றும் ஈரமும் உட்புகுகின்றன. துவாரத்தை அடைக்காமல் மீண்டும் மீண்டும் வாயு அடிப்பது கொம்பிரசரை மெல்லக் கொல்வதாகும்.

ஆகவே நல்ல திருத்துநர் முதலில் கேட்பது, எப்போது குளிர் குறைகிறது என்பதையே. வாகனம் ஓடும்போது குளிர்ந்து நெரிசலில் நிற்கும்போது மட்டும் வெப்பமானால், கண்டென்சருக்குக் காற்றடிக்கும் விசிறியைப் பார்க்க வேண்டும். குளிர் நன்றாயிருந்து காற்றின் வேகம் மட்டும் குறைந்தால் அடைபட்ட வடிகட்டியை அல்லது புளோவரைப் பார்க்க வேண்டும். இயந்திரம் சூடேறச் சூடேறக் குளிர் மங்கினால், வெப்பமூட்டியின் சூடு கலக்கும் உட்கதவு சரியாக மூடுகிறதா என்று நோக்க வேண்டும். இவை எவற்றுக்கும் காஸ் மருந்தல்ல. அளவுக்கு மிஞ்சி அடித்தால் குளிர் இன்னும் குறையும்.

காஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் கசிவைத் தேடல் வேண்டும். வெள்ளவத்தைக் கடற்கரையோரம் இரவு பகலாக நிற்கும் வாகனத்தில் முதற் சந்தேகம் கண்டென்சர் மீதே விழ வேண்டும். முன்புறத்தில் உள்ள அந்த மெல்லிய அலுமினியத்தை உப்புக்காற்று அரிக்கிறது. துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையிலும் அதே கதைதான். டுவல் ஏ.சி. வான்களில் பின்புறம் செல்லும் நீண்ட குழாய்களும் மூட்டுகளும் அடுத்த சந்தேகம். எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த இடமே பெரும்பாலும் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். நைதரசனை அழுத்தி, சவர்க்கார நுரை தடவிப் பார்த்து, கசிவை அடைத்து, வெற்றிடம் உண்டாக்கி ஈரத்தை நீக்கிய பின்னரே, நிறுத்தளந்த வாயுவை அடைக்க வேண்டும். இதற்குப் பாதி நாள் செல்லும். காஸ் அடிக்கச் சிறிது நேரம் போதும். வாடிக்கையாளர் அவசரப்படுவதும் திருத்துநர் அதற்கு இணங்குவதும் இவ்விடத்திலேதான்.

பொய்க் காஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011இல், வியட்நாமில் பராமரிப்புச் செய்யப்பட்ட குளிரூட்டிக் கொள்கலன்கள் சில வெடித்துத் தொழிலாளர் உயிரிழந்தனர். ஆர்-134ஏ என்ற பெயரில் கலப்பட வாயு அடைக்கப்பட்டிருந்ததும், அதிலிருந்த மெதைல் குளோரைட்டு அலுமினியத்தோடு தாக்கமுற்றுக் காற்றுப் பட்டதும் தீப்பற்றும் பொருளாக மாறியதும் பின்னர் தெரியவந்தது. மலிவான சிலிண்டரின் முன்னே முதலில் நிற்பவர் பாஸ்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலரும் பெற்றோலும் இல்லாத நாட்டில் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்றோம். தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. ஐந்தாண்டுகள் நாடு பழைய வாகனங்களிலேயே ஓடியது. 1970களின் கைத்திறன் மீண்டும் விலைமதிப்புப் பெற்ற காலம் இது. ஆயினும் அன்றைய ரேடியேட்டரில் ஒழுகிய நீர் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய வாயு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆர்-134ஏ ஓசோனை அழிப்பதில்லை எனினும், பூமியைச் சூடாக்குவதில் காபனீரொட்சைட்டை விட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. அதனையும் படிப்படியாகக் குறைக்கும் 2016ஆம் ஆண்டுக் கிகாலித் திருத்தத்தை இலங்கை 2018இல் ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவின் புதிய கார்கள் ஏற்கெனவே ஆர்-1234வைஎஃப் என்ற வாயுவுக்கு மாறிவிட்டன. அவை நாளை பழைய வாகனங்களாக எமது கராஜுகளுக்கும் வந்து சேரும். அவ்வாயு ஓரளவு தீப்பற்றக் கூடியது, விலையும் அதிகம்.

எமது பாஸ்மாரின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களிடம் நாம் கேட்கும் கேள்விதான் பிழையானது. அடுத்த தடவை கராஜில் வண்டியை நிறுத்தும்போது "காஸ் அடியுங்கள்" என்று சொல்லாமல், "எங்கே போகிறது என்று பாருங்கள், பாஸ்" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குச் செலவாகும் நேரத்துக்குரிய கூலியையும் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.