வாயில் திறந்த பின்னர்: வடபுலச் சைவத்திற் சாதி விலக்கும் வன்னி நிலமும்

1

சமய நிறுவனமொன்று மனிதருள் ஒரு பகுதியினரைப் பிறப்புக் காரணமாக ஒதுக்கிவைக்கும்போது, அதற்குரிய நியாயத்தைத் தனது புனித நூல்களிலிருந்தே எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆதலின் நூல் முந்தியது, விலக்குப் பிந்தியது என்னும் எண்ணம் எளிதில் எழுகின்றது. வரலாற்றை நோக்குமிடத்து இவ்வொழுங்கு தலைகீழாயிருத்தலைக் காண்கின்றோம். நிலத்தையும் உழைப்பையும் பற்றிய உறவுகள் முதலில் அமைகின்றன. அவற்றைத் தெய்வ சம்மதமாகக் காட்டும் விளக்கம் பின்னர் வந்து சேர்கின்றது. இது சமூகவியலார் பலர் அறிந்ததே. அதிகம் ஆராயப்படாத வினா வேறொன்று. சட்டத்தாலும் போராட்டத்தாலும் விலக்கு நீங்கிய பின்னர், அதனைத் தாங்கிநின்ற விளக்கத்திற்கு யாது நேர்கின்றது? இவ்வினாவை வடபுலச் சைவத்தையும் வன்னிப் பெருநிலத்தையும் முன்வைத்து நாம் இங்கு ஆராய்கின்றோம்.

ஒப்பீட்டிற்காக அமெரிக்க உதாரணமொன்றை முதலில் நோக்குவோம். 1830இல் யோசேப்பு சிமித் நிறுவிய மோர்மன் திருச்சபையில், குருத்துவம் என்பது ஆண் உறுப்பினர் யாவரும் பெறத்தக்கதொரு தகுதி. 1836இல் எலைஜா ஏபெல் என்னும் கறுப்பினத்தவர் அதனைப் பெற்றிருந்தார். ஆயின் 1852இல், யூட்டாப் பிரதேசத்தின் ஆளுநராகவும் திருச்சபையின் தலைவராகவும் ஒருங்கே விளங்கிய பிரிகம் யங், கறுப்பினத்தவர் குருத்துவத்திற்குரியரல்லர் என்று சட்டசபையிற் பிரகடனஞ் செய்தார். அதே ஆண்டில் அதே சபை அடிமை ஊழியத்தை ஏற்றுச் சட்டம் இயற்றியமை மனங்கொள்ளத்தக்கது. காயீனின் சாபம் அவன் வழிவந்தோரைத் தொடர்கின்றது என்ற விளக்கம் இவ்விலக்கிற்குத் துணையாயிற்று. பிறப்பிற்கு முந்திய நிலையில் அவ்வான்மாக்கள் காட்டிய ஊக்கக் குறைவே அவர்தம் நிறத்திற்குக் காரணம் என்ற மற்றொரு விளக்கமும் பின்னர் எழுந்தது. 1978 ஆனி மாதத்திலே தடை நீக்கப்பட்டது. குடியுரிமைப் போராட்டங்கள் அமெரிக்காவை உலுக்கியிருந்தன. கலப்பின மக்கள் நிறைந்த பிறேசிலிற் பெருங்கோயிலொன்றும் எழுந்துகொண்டிருந்தது. ஆயினும் பழைய விளக்கங்களைத் தாம் ஏற்கவில்லை என்று திருச்சபை விரிவாக எழுதி வெளியிட்டது 2013இலேதான். கதவு திறந்ததற்கும் விளக்கம் கைவிடப்பட்டதற்குமிடையில் முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

இவ்வரலாற்றில் எமக்குப் பயன்படும் செய்தி இரண்டு. கறுப்பினத்தவர் அச்சபையின் உறுப்பினராவதற்குத் தடையிருக்கவில்லை. அவர்களுக்கு மறுக்கப்பட்டவை பதவியும் உயர் சடங்குகளுமே. முற்பிறப்பு நிலையைக் காட்டி இப்பிறப்பின் தாழ்வை நியாயப்படுத்தும் முறையும் வினைக்கோட்பாட்டை அறிந்த எமக்குப் புதியதன்று.

2

யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் 1707இல் தேசவழமையாகத் தொகுத்தபோது, அடிமைகள் பற்றிய விதிகளும் அதனுள் இடம்பெற்றன. கோவியர், நளவர், பள்ளர் ஆகியோர் அடிமை நிலையினராகக் கொள்ளப்பட்டனர். 1844இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. எனினும் தோட்டமும் வயலும் முன்னைய உடைமையாளரிடமே இருந்தன. சட்டத்தால் விடுதலை பெற்றவன் மறுநாளும் அதே கமக்காரனின் காணியிலேயே வேலை செய்தான். கிணறு, சுடலை, தேநீர்க்கடை, கோயில் ஆகியவற்றில் நிலவிய விலக்குகள், சட்டம் கைவிட்ட உறவைப் பேணும் கருவிகளாயின.

இவ்வுறவிற்குச் சைவ இலக்கியத்திலிருந்து எடுத்துக்காட்டப்பெற்றவருள் முதன்மையானவர் திருநாளைப்போவார். சேக்கிழாரின் நந்தனார் கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் யாழிற்கும் வீணைக்கும் நரம்பும் கொடுக்கின்றார். அவர் உழைப்பின் பயன் கோயிலினுட் செல்கின்றது. அவர் வெளியே நிற்கின்றார். தில்லையினுள்ளே புகுதற்கு அவர் தீயில் மூழ்கி வேறோர் உடலோடு எழவேண்டியிருந்தது. பத்தியின் முன் சாதியில்லை என்பதற்கு இக்கதையைச் சான்றாகக் காட்டுவோர், அவருடைய பிறப்புடலுக்குக் கோயில் இறுதிவரை இடந்தரவில்லை என்பதை எண்ணுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையைக் கீர்த்தனையாக்கியபோது, பெரியபுராணத்தில் இல்லாத நிலவுடைமை வேதியரொருவர் அதனுட் புகுந்தார். தில்லைக்குப் போக விடைகேட்கும் நந்தனார் முதலில் அவருடைய பயிர் வேலையை முடித்தாகவேண்டும். கோயில் வாயிலிலே நின்ற தடையின் வேர் வயல் வரம்பிலே உள்ளது என்பதை அப்புலவர் உணர்ந்திருந்தார் போலும்.

1816இல் வந்த அமெரிக்க மிசனரிமாரும் பின்வந்தோரும் நிறுவிய பாடசாலைகள் இவ்வொழுங்கிற் சிறு பிளவுகளை ஏற்படுத்தின. ஆயின் கிறித்தவ சபைகளினுள்ளும் சாதி தொடர்ந்தது. மதமாற்றம் அடிநிலை மக்களுக்கு நல்கிய நம்பிக்கையையும் அதன் பொய்த்தலையும் கே. டானியல் ‘கானல்’ நாவலின் பொருளாக்கினார். மிசனரிமாரை எதிர்த்தெழுந்த ஆறுமுக நாவலர் (1822–1879) 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் செய்த தமிழ்ப்பணியும் பஞ்சகாலத்திற் கஞ்சித்தொட்டி வைத்தமையும் மறுக்கற்பாலன அல்ல. எனினும் அந்நிய ஆதிக்கத்திற்கு எதிராக அவர் திரட்டிய சைவம், வருணாச்சிரமத்தை ஏற்ற ஆகமச் சைவமாகவே இருந்தது. அவரது எதிர்ப்புணர்வும் அதன் வர்க்க எல்லையும் ஒருங்கே நோக்கப்படல் வேண்டும்.

அவ்வெல்லையை வன்னியை நோக்குங்கால் தெளிவாகக் காணலாம். கண்ணகி வழிபாட்டை நாவலர் சமணச் செட்டிப் பெண்ணின் வழிபாடென்று கண்டித்தார். யாழ்ப்பாணத்திற் கண்ணகி கோயில்கள் பல ஆகம முறைக்கு மாறி, அம்மன்கள் வடமொழிப் பெயர் பெற்றனர். முல்லைத்தீவுக்கு அண்மையில் வற்றாப்பளையிலோ, கடல்நீரில் விளக்கெரிக்கும் மரபோடு கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசி தோறும் தொடர்ந்தது. வன்னிக் கோயில்கள் சாதி வேறுபாடு அற்றவை என நாம் கூறவரவில்லை; அங்கும் பணிகள் குடிவழியே பகுக்கப்பட்டிருந்தன. ஆனால் அருகிய குடித்தொகையும் காடும் குளமும் கொண்ட பொருளாதாரத்திலே, எல்லோரும் கூடிப் பொங்கும் சடங்கிற்கு இருந்த முதன்மை கருவறையைச் சுற்றிய படிநிலைக்கு இருக்கவில்லை. ஆகமச் சைவம் பரவிய இடங்களில், பல குடியினர்க்கும் பங்கிருந்த சடங்குகள் பின்தள்ளப்பட்டன. உட்செல்லத் தக்கவர், தகாதவர் என்ற வரம்பு இறுகியது.

3

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாகப் பொது இடங்களிலும் வழிபாட்டிடங்களிலும் ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டிலேயே கிடந்தது. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்திற்குப் புறப்பட்ட ஊர்வலமும், அதன் பின்னர் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமுமே அதற்கு உயிரூட்டின. சங்கானைத் தேநீர்க்கடைகளிலும், மட்டுவிற் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலிலும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலிலும் போராட்டங்கள் நிகழ்ந்தன. உயிர்களும் பலியாகின. இவ்வெழுச்சி பற்றிய உணர்விலிருந்தே டானியலின் ‘பஞ்சமர்’ (1972) பிறந்தது.

மாவிட்டபுர வாயிலை மறித்து நின்றோருக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையில் வர்த்தக மந்திரி, 1947 முதல் 1960 வரையான காலத்தின் பெரும்பகுதியிற் பாராளுமன்றத்தில் வவுனியாத் தொகுதியின் பிரதிநிதி. தமிழருக்குத் தனிநாடு வேண்டுமென முதலிற் குரலெழுப்பியோருள் ஒருவரும் அவரே. அவர்மீது தொடரப்பட்ட வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. இதனை ஒரு தனிமனிதரின் முரண்பாடாகக் கொள்வது போதாது. தமிழர் என்போர் யாவர், தமிழ் நிலம் யாருடையது என்ற வினாக்களுக்கு நிலவுடைமையாளர் தேசியம் வைத்திருந்த விடையின் வடிவமே அவ்வாயிலில் நின்றது.

4

அந்நிலத்தின் நடுவிலே வன்னி உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. 1930கள் முதல் குடியேற்றத் திட்டங்கள் வளர்ந்தன. காணி பெற்று வந்தோருட் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்தினர். வரும்போது சாதி ஒழுங்கையும் ஆகமக் கோயிலையும் அவர்கள் உடன்கொண்டு வந்தனர். பின்னர் மற்றொரு மக்கட் கூட்டம் வந்தது. 1948இன் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் எண்களாகப் பங்கிடப்பட்ட மலையகத் தமிழர், 1958இன் வன்செயலின் பின்னரும், 1970களின் முற்பகுதிப் பஞ்சத்திலும், 1977இன் வன்செயலின் பின்னரும் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளை நாடினர். காந்தீயம் இயக்கத்தின் வழியாக அவர்களைக் குடியமர்த்த உழைத்த மருத்துவர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார்.

வந்தவர்களை வன்னியின் நிலவுடைமையாளர் விரட்டவில்லை. நெல் வெட்டவும் சூடடிக்கவும் அவர்கள் தேவைப்பட்டனர். ஆயின் குளத்தின் கீழுள்ள வயல்கள் முன்னரே பகிரப்பட்டுவிட்டன. அவர்களுக்குக் கிட்டியவை பெரும்பாலும் நீர்ப்பாசனமற்ற மேட்டுக் காணிகள். அவற்றுக்கும் பலரிடம் உறுதி இருக்கவில்லை. ‘வடக்கத்தையான்’, ‘தோட்டக்காட்டான்’ என்னும் வசைச் சொற்கள் பிறப்பின் இழிவை அவர்கள்மேற் சுமத்தின. குடியிருக்கலாம், வேலை செய்யலாம், வரம்பின் உட்புறத்திற்கு உரிமை கோரலாகாது என்பதே எழுதாத விதி. நந்தனார் நின்ற இடத்திற்கும் இவ்விடத்திற்கும் வேறுபாடு சிறிதே.

1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து பல சாதியினரும் வன்னியில் ஒரே மரநிழலிலே தங்கினர். 2009இல் செட்டிகுளம் முகாமில் ஒரே வரிசையில் நின்றனர். ஆயுதம் தாங்கிய இயக்கத்தின் ஆட்சியிற் சாதி வெளிப்படப் பேசப்படவில்லை. துன்பம் சாதியை அழித்துவிட்டது என்று அந்நாளிற் கூறப்பட்டது. பேசாதிருத்தலை ஒழிதலாகக் கொண்ட பிழை இது. 2018 ஆனியில் தென்மராட்சி வரணியிலே, கண்ணகி அம்மன் தேரின் வடத்தை அடிநிலை மக்கள் தொட்டிழுத்தலைத் தவிர்க்க, மண்ணகழும் இயந்திரத்தைக் கொண்டு தேர் இழுக்கப்பட்டது. வடத்தை விட்டுக்கொடுப்பதைக் காட்டிலும், தாமும் தொடாது இயந்திரத்திடம் ஒப்படைப்பதே மேலென உயர்சாதியினர் கருதினர். தெய்வமும் அத்தேரிற் கண்ணகியே.

5

இதுகாறும் கூறியவற்றால் நாம் பெறும் முடிபு பின்வருமாறு. விலக்கு ஓரிடத்தில் தோற்கும்போது மற்றோரிடத்திற்குப் பின்வாங்குகின்றது. வாயில் திறந்தால் திருவிழா உபயத்திலும், வடத்திலும், பரிபாலன சபையிலும் அது நிலைகொள்கின்றது. அடிமைமுறை நீங்கியபோது காணி உறுதியில் நிலைகொண்டதும் இவ்வாறே. அவ்வாறு பின்வாங்க இடமளிப்பது, கைவிடப்படாத விளக்கமாகும். 1957இன் சட்டமும் 1968இன் போராட்டமும் கதவைத் திறந்தன. அது ஏன் மூடப்பட்டிருந்தது என்பதற்குச் சொல்லப்பட்ட நியாயம், புராணப் படிப்பிலும் பாடநூலிலும் மீளாய்வின்றி வாழ்கின்றது. மோர்மன் சபை முப்பத்தைந்து ஆண்டுகள் தாழ்த்தியேனும் எழுதிய மறுப்பை எமது சமய நிறுவனங்களிடமும் கோருவது, சைவத்தை இகழ்தலாகாது.

எழுத்துமூல மறுப்பு மட்டும் போதுமெனக் கருதுவோமாயின் நாமும் கருத்துமுதல்வாதத்தில் வீழ்ந்தவராவோம். விளக்கத்தின் வேர் நிலத்திலிருப்பதால் அதனை நிலத்திலேயே களையவேண்டும். ஆதலின் வன்னியிற் கோயிலின் சமத்துவத்தை அளக்கவிரும்பும் ஆய்வாளன், வாயிலில் நின்று உட்செல்வோரை எண்ணுவதோடு அமையலாகாது. பரிபாலன சபையில் இருப்போர் யாவர், உபயகாரர் யாவர் என்று அவன் வினவுதல் வேண்டும். பின்னர் அப்பெயர்ப் பட்டியலைக் குளத்தின் கீழான காணிப் பதிவேட்டின் அருகில் வைத்து நோக்கவும் வேண்டும். இரண்டு பட்டியல்களும் எவ்வளவிற்கு ஒத்திருக்கின்றனவோ, அவ்வளவிற்குச் செய்யவேண்டிய வேலை எஞ்சியுள்ளது.